பழைய பொருள் கடை: பொருள் தந்தவருக்குக் கொடுத்த பணத்தை வரிக் கணக்கில் காட்டுவது எப்படி?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் செகண்ட்ஹேண்ட் கடை நடத்துபவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மொபைல், மரச்சாமான், பட்டுப்புடவை, பைக் என்று எதை வாங்கி விற்றாலும் அடிப்படை ஒன்றுதான். விற்பனைப் பில்லைக் கவனமாகப் போடும் பலர், வாங்கும் பக்கத்தைத் துண்டுச்சீட்டோடு விட்டுவிடுகிறார்கள். வரித் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கீழே வரும் வருமான வரிப் பிரிவு எண்களும் வரம்புகளும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

வீட்டுக்காரர் ஒருவர் பழைய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து விற்கிறார். அவரிடம் பில் இல்லை. நான் கொடுக்கும் பணத்துக்கு என்ன ஆதாரம்?

ஆதாரத்தை நீங்கள்தான் தயார் செய்ய வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருளை விற்பவர் வியாபாரி அல்ல. அவர் பில் போட வேண்டியதில்லை, அந்த விற்பனை ஜிஎஸ்டிக்குள்ளும் வராது. ஆனால் உங்களுக்கு அது கொள்முதல். காகிதம் இல்லாத கொள்முதலை வருமான வரி அதிகாரி ஏற்க மறுத்தால், பதில் சொல்ல உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

வரிசை எண் அச்சிட்ட கொள்முதல் வவுச்சர் புத்தகம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தேதி, விற்பவர் பெயர், முகவரி, கைபேசி எண், பொருளின் விவரம், கொடுத்த தொகை, கொடுத்த விதம், அவருடைய கையெழுத்து இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்கு சீரியல் எண், மொபைலுக்கு ஐஎம்இஐ எண், வண்டிக்கு இன்ஜின், சேஸிஸ் எண்கள். ‘பழைய ஃபிரிட்ஜ் – 1’ என்று மட்டும் எழுதிய வவுச்சரால் பாதிப் பயன்தான், ஏனென்றால் பிறகு எந்த ஃபிரிட்ஜை எந்த விலைக்கு விற்றீர்கள் என்று கோத்துக் காட்ட முடியாது. ‘இந்தப் பொருள் எனக்குச் சொந்தமானது, கடன் பாக்கி எதுவும் இல்லை’ என்று ஒரு வரியையும் வவுச்சரிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பொருள் தந்த ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுத்தேன் என்று வருமான வரித் துறைக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டுமா?

சாதாரணக் கடைக்கு வேண்டாம். நம் நாட்டில் ஒருவருக்குக் கொடுத்த பணம் துறையின் கண்ணுக்குப் போகும் முக்கியமான வழி டிடிஎஸ்தான், அதாவது பணம் கொடுக்கும்போதே அதில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. பொருள் வாங்கியதற்கு டிடிஎஸ் பிடிப்பது 194க்யூ பிரிவின்படி. அது 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் உங்கள் விற்றுமுதல் 10 கோடி ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு ஒரே விற்பனையாளரிடம் இந்த ஆண்டு 50 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். வீடுகளிலிருந்து வாங்கும் கடைக்கு இந்த நிலை வராது. மொத்தமாக லாரிக் கணக்கில் பழைய மொபைலோ லேப்டாப்போ எடுக்கும் பெரிய வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இது.

தெரிவிக்க வேண்டாம் என்பதால் பதிவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

ரொக்கமாகவே கொடுக்கிறேன். விற்க வருபவர்கள் கையில் பணம்தான் கேட்கிறார்கள். அதில் என்ன பிரச்சினை?

இந்தத் தொழிலில் அதிகமாகப் பணத்தை இழக்க வைப்பது இந்த ஒரு விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

40ஏ(3) பிரிவின்படி, ஒரே நாளில் ஒரே நபருக்கு ரொக்கமாகக் கொடுத்தது 10,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் தொகை முழுவதும் செலவாக ஏற்கப்படாது. தாண்டிய பகுதி மட்டும் அல்ல, முழுவதும். ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜை 14,000 ரொக்கம் கொடுத்து வாங்கி 17,000க்கு விற்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்தது 3,000 தான். ஆனால் 14,000 ஏற்கப்படாவிட்டால், வரிக் கணக்கில் உங்கள் லாபம் 17,000 ஆகிவிடும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் செஸ் சேர்க்காமலே 5,100 ரூபாய் கட்ட வேண்டும். கையில் வந்ததே 3,000!

ஒரே நாளில் ஏழாயிரம், ஏழாயிரம் என்று இரண்டு வவுச்சராகப் பிரித்தாலும் பயன் இல்லை, சட்டம் அந்த நாளின் மொத்தத்தைத்தான் பார்க்கிறது. பேரர் செக்கும் ரொக்கம் போலத்தான். அக்கவுண்ட் பேயீ செக், டிமாண்ட் டிராஃப்ட், வங்கி வழி மின்னணுப் பரிமாற்றம் இவைதான் செல்லும். யூபிஐ, ஐஎம்பிஎஸ், நெஃப்ட் எல்லாம் அதில் அடக்கம். இப்போது காய்கறி வாங்கவே யூபிஐ வந்துவிட்ட நிலையில், விற்க வருபவர் கணக்கு எண் தர மறுத்தால் அந்தப் பொருளையே இன்னொரு முறை யோசித்து வாங்குங்கள். அவர் கொஞ்சமாவது ரொக்கம் வேண்டும் என்று வற்புறுத்தினால், ரொக்கப் பகுதி 10,000க்குள் இருக்கும்படி பார்த்து மீதியை வங்கி வழியாக அனுப்பலாம். வங்கிப் பரிமாற்றத்தின் இன்னொரு நன்மை, விற்றவர் யார் என்பதற்கு உங்கள் வவுச்சருக்கு வெளியே ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

நான் 44ஏடி பிரிவில் உத்தேச லாபம் காட்டுகிறேன். எனக்கும் இந்த 10,000 கணக்கு உண்டா?

இல்லை. 44ஏடியில் வருபவருக்கு விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் என்று லாபத்தைச் சட்டமே கணக்கிட்டுக்கொள்கிறது. செலவுகளைத் தனியாகப் பார்ப்பதில்லை, அதனால் 40ஏ(3) குறுக்கே வராது. விற்றுமுதல் 2 கோடி வரை இந்த வழி உண்டு. மொத்த வரவில் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை.

ஆனாலும் வவுச்சரை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு விற்றுமுதல் வரம்பைத் தாண்டலாம், ஜிஎஸ்டிக்கு எப்படியும் வாங்கிய விலை வேண்டும். அப்புறம் இன்னொன்று: கமிஷன் வருமானம் உள்ளவருக்கு 44ஏடி கிடையாது. அது ஏன் உங்களைப் பாதிக்கலாம் என்று கமிஷன் விற்பனை பற்றிய கேள்வியில் பாருங்கள்.

ஜிஎஸ்டி முழு விற்பனை விலைக்கா, லாபத்துக்கு மட்டுமா?

பழைய பொருளை அப்படியே, அல்லது அதன் தன்மை மாறாத அளவுக்குச் சின்ன வேலை செய்து விற்கும் வியாபாரிக்கு மார்ஜின் முறை உண்டு. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 32(5). விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் வருவதற்கு மட்டும் வரி. 9,000க்கு வாங்கிய மொபைலை 12,000க்கு விற்றால் 3,000க்கு 18 சதவீதம், அதாவது 540 ரூபாய். முழு விலைக்குப் போட்டிருந்தால் 2,160.

அந்த 540க்கும் 2,160க்கும் நடுவில் நிற்பது உங்கள் கொள்முதல் வவுச்சர்தான். 9,000 கொடுத்தீர்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நஷ்டத்துக்கு விற்றால் அந்தப் பொருளுக்கு வரி பூஜ்யம். அந்த நஷ்டத்தை இன்னொரு பொருளின் லாபத்தில் கழிக்க முடியாது. டிஸ்ப்ளே மாற்றிய செலவையும் வாங்கிய விலையோடு சேர்க்காதீர்கள், விதி சொல்வது வாங்கிய விலையை மட்டும். முக்கியமான நிபந்தனை: அந்தப் பொருளை வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கக் கூடாது. ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்களை ஜிஎஸ்டி பில்லோடு உங்களுக்கு விற்று, அந்த வரியை நீங்கள் வரவு எடுத்தால், விற்கும்போது முழு விலைக்கு வரி போட வேண்டும். இப்படிப்பட்ட சரக்கைத் தனி ரெஜிஸ்டரில் வையுங்கள், கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

பதிவு இல்லாத வீட்டுக்காரரிடம் வாங்கினால் அவருக்காக நான் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

வேண்டாம். மார்ஜின் முறையில் வரி கட்டும் பழைய பொருள் வியாபாரிக்கு 2017 ஜூன் 28 தேதியிட்ட அறிவிப்பு விலக்கு கொடுத்திருக்கிறது.

உலோகக் கழிவு வேறு. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரி அந்த வரியைத் தானே கட்ட வேண்டும். ஃபிரிட்ஜாக வாங்கி ஃபிரிட்ஜாக விற்பது ஒன்று, உடைத்து இரும்பு, செம்பு என்று எடை போட்டு வாங்குவது இன்னொன்று. இரண்டும் செய்பவர்கள் தனித்தனி வவுச்சர் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது.

வீடு காலி செய்பவரிடம் எல்லாவற்றையும் சேர்த்து 25,000க்கு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்ன வாங்கிய விலை?

அன்றைக்கே பிரித்து எழுதுங்கள். கட்டில் 6,000, பீரோ 7,500, வாஷிங் மெஷின் 5,000, மீதிச் சாமான் 6,500 என்று வவுச்சரிலேயே போட்டு, விற்றவரின் கையெழுத்தை அதற்குக் கீழே வாங்குங்கள். பிரிப்பு சந்தை விலையை ஒட்டி நியாயமாக இருக்க வேண்டும். விற்ற பிறகு ஒவ்வொன்றிலும் மார்ஜின் குறைவாக வரும்படி பின்னோக்கி எழுதினால், பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் பழைய பொருளுக்கு நான் பணமே கொடுப்பதில்லையே?

கொடுக்கிறீர்கள், விலைக்குறைப்பாக. ஜிஎஸ்டி விதி 27இல் இதற்கே ஓர் உதாரணம் இருக்கிறது: எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் 24,000 ரூபாய் விலையுள்ள புது போனை, பழைய போனை எடுத்துக்கொண்டு 20,000க்குக் கொடுத்தால், புது போனின் மதிப்பு 24,000 தான். வரி அந்தத் தொகைக்கு. அப்படியானால் பழைய போனை 4,000க்கு வாங்கியிருக்கிறீர்கள். அதற்கும் வவுச்சர் போடுங்கள். போடாவிட்டால் அந்தப் பழைய போனை விற்கும்போது வாங்கிய விலை என்று காட்ட ஏதும் இருக்காது.

நான் வாங்குவதில்லை. பொருளை வைத்துவிட்டுப் போவார்கள், விற்றால் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பேன். என் கணக்கு எப்படி இருக்க வேண்டும்?

இது முற்றிலும் வேறு தொழில். பட்டுப்புடவை, டிசைனர் உடை, குழந்தை வண்டி, கேமரா போன்றவற்றில் இப்படி நடப்பது அதிகம். ஒரு புடவை 10,000க்குப் போகிறது, உங்கள் கமிஷன் 30 சதவீதம் என்றால், உங்கள் வருமானம் 3,000. மீதி 7,000 புடவைக்காரரின் பணம். அது உங்கள் விற்பனையும் அல்ல, கொடுக்கும்போது உங்கள் செலவும் அல்ல. கணக்கில் அவர் பெயரில் தரவேண்டிய பாக்கியாக நிற்க வேண்டும். அவர் வந்து வாங்க மாதக்கணக்கில் தாமதித்தாலும் பாக்கியாகவே இருக்கட்டும்.

பலர் முழு 10,000ஐயும் விற்பனையாக எழுதி 7,000ஐக் கொள்முதல் என்று போட்டுவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நடந்ததற்கும் கணக்குக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது, தேவையில்லாமல் விற்றுமுதலும் ஊதிக்கொண்டு போகிறது.

கமிஷன் முறையில் கவனிக்காமல் விடப்படும் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன 44ஏடி கிடையாது. சில்லறையாகக் கொஞ்சம் கமிஷன் விற்பனை செய்யத் தொடங்குமுன் இதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு, ஜிஎஸ்டி பதிவு வரம்பு. தமிழ்நாட்டில் பொருள் மட்டுமே விற்பவருக்கு 40 லட்சம். கமிஷன் என்பது சேவை. அது சேர்ந்தால் ‘பொருள் மட்டும்’ என்ற தகுதி போய் வரம்பு 20 லட்சமாகிவிடும்.

ஜிஎஸ்டியில் பில் யார் பெயரில் போகிறது என்பதுதான் அளவுகோல். 2018 செப்டம்பரில் வந்த 57ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்குபவருக்கு உங்கள் பெயரில் பில் போட்டால், உரிமையாளரின் பொருளை விற்கும் ஏஜெண்டாக நீங்கள் கருதப்படுவீர்கள், முழு விலையும் உங்கள் கணக்கில் வரும். ஜிஎஸ்டிக்கு உட்பட்ட ஒரு பொட்டிக்கின் சரக்கை இப்படி உங்கள் பில்லில் விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

வீட்டுக்காரர்களின் பொருளை மட்டும் வைத்திருக்கும் கடைக்கு என் யோசனை இது. ‘வாடிக்கையாளர் கிடைத்ததும் கடை இந்தப் பொருளை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும், அதுவரை பொருள் உரிமையாளருடையது’ என்று ஒப்பந்தச் சீட்டில் எழுதி, அதன்படியே நடங்கள். அப்போது அது கமிஷன் அல்ல, கொள்முதல். மார்ஜின் முறைக்கும் வழி இருக்கிறது. சீட்டில் ஒன்றும் நடப்பில் ஒன்றுமாக இருந்தால் மட்டும் இது நிற்காது. சதவீதக் கமிஷன், விலையை உரிமையாளரே தீர்மானிப்பது என்றெல்லாம் வைத்துக்கொண்டு கொள்முதல் என்று பெயர் மட்டும் மாற்ற முடியாது.

கமிஷனுக்கு யார் டிடிஎஸ் பிடிக்க வேண்டும்?

கமிஷன் கொடுப்பவர், அதாவது பொருளின் உரிமையாளர். 194எச் பிரிவின்படி ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம். வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுப்பு இல்லை. உரிமையாளர் ஒரு கம்பெனியோ பார்ட்னர்ஷிப் நிறுவனமோ என்றால் உண்டு. கமிஷனை நீங்களே விற்பனைப் பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறீர்கள் என்றாலும், அவர்கள் உங்களுக்குக் கமிஷன் கொடுத்ததாகவே பொருள் என்று 1991இல் வந்த 619ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அவர்கள் கட்டிய தொகை உங்கள் 26ஏஎஸ்ஸில் (உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் அறிக்கை) வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே வீடு காலியாகிறது என்று சொல்லிப் பொருள் பிடித்துத் தரும் தரகருக்கு நீங்கள் கொடுக்கும் கமிஷனுக்கும் இதே பிரிவுதான். தனிநபர் கடை என்றால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

மெக்கானிக், கடை வாடகை?

அதே ஒரு கோடி வரம்பைத் தாண்டிய தனிநபரும், எல்லா நிறுவனங்களும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நீங்கள் வெளியே வேலை கொடுக்கும் மெக்கானிக் தனிநபரானால் 194சி, 1 சதவீதம். ஒரு பில் 30,000ஐ அல்லது ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது. கடை வாடகை மாதம் 50,000ஐத் தாண்டினால் 10 சதவீதம். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் (மார்ச்சில் பிடித்ததை ஏப்ரல் 30க்குள்) கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26க்யூ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம்.

விற்க வருபவரிடம் பான் கேட்க வேண்டுமா?

ஒரு பரிவர்த்தனை 2 லட்சத்தைத் தாண்டினால் கேட்க வேண்டும். கார் போன்ற வாகனங்களுக்கு எந்த விலையானாலும் வேண்டும், இருசக்கர வாகனத்துக்கு விலக்கு. பான் இல்லாதவரிடம் படிவம் 60 வாங்கிக்கொள்ளலாம். 2 லட்சத்துக்குக் கீழான தொகைக்கு ஏதாவது ஓர் அடையாளச் சான்று போதும்.

ஆதார் நகல் வாங்கினால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட மாஸ்க்டு ஆதாரையே கேளுங்கள். கடை மேஜையில் நூற்றுக்கணக்கான முழு ஆதார் நகல்களைக் குவித்து வைப்பது, நம்பிக் கொடுத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

விற்பவர், ‘எனக்கு வரி வருமா?’ என்று கேட்கிறார். என்ன சொல்வது?

உடை, மரச்சாமான், ஃபிரிட்ஜ், மொபைல், சொந்தக் கார், பைக் எல்லாம் சொந்த உபயோகப் பொருட்கள். அவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு ஆகியவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. இதைச் சொன்னால் பலர் கணக்கு எண் கொடுக்கத் தயங்குவதில்லை, பயம்தான் அவர்களை ரொக்கம் கேட்க வைக்கிறது.

பழைய நகை, வண்டி, புத்தகம்?

வீட்டுக்காரர் பழைய நகையை நகைக்கடைக்கு விற்பதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2017 ஜூலையிலேயே நிதி அமைச்சகம் விளக்கம் தந்துவிட்டது. வாங்கிய நகையை உருக்கிப் புதிதாகச் செய்தால் மார்ஜின் முறை பொருந்தாது. பழைய வாகனங்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் ஒரே விகிதம், மார்ஜினுக்கு 18 சதவீதம், மின்வாகனமும் சேர்த்து. அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, பழைய புத்தகக் கடைக்காரர் வருமான வரிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கடைக்கு ஆப் போட்டு, மற்றவர்களும் அதில் விற்கலாம் என்று வைத்தால்?

அப்போது நீங்கள் இணைய வணிக மேடை நடத்துபவர் ஆகிவிடுகிறீர்கள், பொறுப்பு பல மடங்காகும். ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவுபெற்ற விற்பனையாளர்களின் விற்பனைக்கு 0.5 சதவீதம் ஜிஎஸ்டி டிசிஎஸ் (விற்பனையாளருக்குப் போக வேண்டிய பணத்திலிருந்து மேடை பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். வருமான வரிக்கு 194ஓ பிரிவின்படி 0.1 சதவீதம் தனி, தனிநபர் விற்பனையாளர் பான் அல்லது ஆதார் கொடுத்து ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்றால் அதற்கு விலக்கு. உங்கள் சொந்தச் சரக்கை மட்டும் இணையத்தில் காட்டி விற்பதற்கு இது எதுவும் பொருந்தாது.

நான் வாங்கிய போன் திருட்டுப் பொருள் என்று தெரிந்தால்?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குபவரைத் தண்டிக்கிறது. தெரியாமல் வாங்கினேன் என்பதைக் காட்ட உதவுவது வவுச்சரும் வங்கிப் பதிவும் அடையாளச் சான்றும். மொபைல் வாங்குமுன் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பாருங்கள், தடை செய்யப்பட்டதென்றால் தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலைதான்.

இந்தக் காகிதங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? 2026 ஏப்ரலுக்குப் பிறகு என்ன மாறுகிறது?

ஜிஎஸ்டிக்கு, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். வழக்கோ விசாரணையோ நடந்தால் அது முடியும் வரையும் அதற்கு மேலும். எட்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் வருமான வரிக்கும் சேர்த்துக் கவலை இல்லை. கார்பன் எழுத்து மங்கிவிடும், மாதம் ஒருமுறை போட்டோ எடுத்துச் சேமித்துவிடுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 194க்யூ, 194எச், 194சி என்று தனித்தனியாக இருந்த டிடிஎஸ் பிரிவுகள் எல்லாம் அதில் 393ஆவது பிரிவின் கீழ் அட்டவணையாக வந்திருக்கின்றன. செலான் கட்டும்போதும் படிவம் நிரப்பும்போதும் பழைய எண்களைப் போடாமல், அந்த மாதப் பரிவர்த்தனை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தேதியைப் பார்த்துப் போடுங்கள். 2026 மார்ச்சில் பிடித்த டிடிஎஸ்ஸை ஏப்ரல் 30க்குள் கட்டும்போது இந்தக் குழப்பம் முதலில் வரும்: கட்டுவது ஏப்ரலில் என்றாலும், அது பழைய சட்டத்தின் கீழ் பிடித்த வரி.